தண்ணி வந்த வருஷம்

ஒரு சின்ன பரிசோதனை. வீட்டில் நாற்பது தாண்டியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்: ‘உங்க சின்ன வயசுல ஒரே ஒரு வருஷத்தைத் திரும்ப வாழலாம்னா எந்த வருஷம்?’ பெரும்பாலும் யோசிக்கவே மாட்டார்கள். டக்கென்று ஒரு நம்பர் வரும். எழுபத்தொன்று, எண்பத்துமூன்று, தொண்ணூற்றாறு என்று. ஏன் அந்த வருஷம் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். அப்போதுதான் சரித்திரப் பாடம் ஆரம்பமாகும். பாதி பொய்யாக இருக்கலாம். ஆனால் சுவாரசியமான பாதி.

என் நம்பர், 1987. ஊர், தருமபுரி மாவட்டத்தில் இண்டூர் பக்கம். வயது ஒன்பது.

பெரிய சரித்திரக்காரர்கள் 1987-ஐ வேறு மாதிரி எழுதுவார்கள். ஜூலை 11-ம் தேதி உலக ஜனத்தொகை 500 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. அதே ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள், இந்திய ராணுவம் இலங்கைக்குப் போனது. அக்டோபர் 19-ம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை ஒரே நாளில் 22.6 சதவிகிதம் விழுந்தது. பி.காம். படிக்கும்போது அந்தக் கறுப்புத் திங்கட்கிழமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் அந்த வாரம் யாரும் சோகமாக இருந்ததாக ஞாபகம் இல்லை. இரண்டு நாள் கழித்து தீபாவளி. ரஜினியின் ‘மனிதன்’, கமலின் ‘நாயகன்’ இரண்டும் ஒரே நாளில் ரிலீஸ். வால் ஸ்ட்ரீட் விழுந்தால் என்ன, எழுந்தால் என்ன?

எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் 1987-க்கு ஒரே பெயர்தான். தண்ணி வந்த வருஷம்.

*

தருமபுரியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சங்க காலத்தில் இதன் பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர். 1965 அக்டோபர் 2-ம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் இதற்குள்தான். 2004-ல் அவை தனியாகப் போய்விட்டன. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதே இந்த மாவட்டத்து ஒகேனக்கல் வழியாகத்தான். சினிமாக்காரர்கள் அருவியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்ததில், தருமபுரி என்றாலே தண்ணீர் கொட்டும் ஊர் என்று வெளியூரில் ஒரு நினைப்பு. கொட்டும், நிஜம்தான். பள்ளத்தில் கொட்டி அப்படியே மேட்டூருக்குப் போய்விடும். மேட்டில் இருந்த எங்களுக்கு ராகி, சாமை, கொள்ளு, புளியமரம். வானம் பார்த்த பூமி.

அந்த வானம் 1987-ல் கையை விரித்தது. எங்களுக்கு மட்டுமில்லை. நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்த வருடம் அது. அந்த நூற்றாண்டின் மோசமான வறட்சிகளில் ஒன்று. ராஜஸ்தானில் மாடுகள் செத்து விழுகிற படம் பேப்பரில் வந்தது.

எங்கள் தெருவுக்குச் சேந்து கிணறு ஒன்று. உருளையில் கயிறு போட்டு இறைப்பது. வைகாசியில் கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டார்கள். ஆடியில் மூன்றாவது முடிச்சு. பிறகு வாளி தரையைத் தட்டும் சத்தம் மட்டும்தான் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு, ஊறியிருக்கும் நாலு குடத்துக்காகப் பெண்கள் போய் உட்காருவார்கள். அம்மா அப்போது ஏழு மாதம். அவள் குடத்தோடு படியேறுவதை ஆயா ஒருநாள் பார்த்துவிட்டது. மறுநாள் தன் அட்டிகையைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தது.

“அடகு வையி. போர் போடு.”

ஆயாவுக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்கிற பழக்கம் இல்லை.

*

போர் வண்டி வந்த நாளைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். திருச்செங்கோட்டு வண்டி. அந்த ஊர்க்காரர்கள் இந்தியா முழுக்க, ஆப்பிரிக்கா வரைக்கும் போய்த் துளை போட்டவர்கள் என்பது பின்னால் தெரிந்துகொண்ட விஷயம். எங்களுக்கு அப்போது அது ஒரு ராட்சச மிருகம், அவ்வளவுதான். முந்தின நாளே நீரோட்டம் பார்க்கிறவர் வந்து, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே வேப்பங்குச்சியை நட்டார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். போருக்குக் கூலி அடிக்கணக்கு. தண்ணீர் வந்தாலும் அதே காசு, வராவிட்டாலும் அதே காசு. ஒவ்வொரு அடி இறங்கும்போதும் ஆயாவின் அட்டிகையில் ஒரு பல் உதிர்கிறது என்று அர்த்தம். நூறு அடி, வெறும் கல் தூள். கோதுமை மாவு மாதிரி பறந்து எல்லோர் தலையும் நரைத்துப் போனது. நூற்றைம்பது அடி, தூள். இருநூறில் அப்பா எழுந்து போய்ப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். வண்டிக்காரர், ‘நிறுத்திடலாமா?’ என்று கேட்டபோது பதில் சொன்னது ஆயாதான். “இன்னும் ரெண்டு பைப்பு எறக்கு சாமி.”

இருநூற்று நாற்பதில் தூள் ஈரமானது. பிறகு சேறு. பிறகு ஒரு உறுமல். புளியமரத்து உயரத்துக்குத் தண்ணீர்!

நாங்கள் பையன்கள் அத்தனை பேரும் சட்டையோடு அதில் நின்று ஆடினோம். ஆயா கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தது. வண்டிக்காரருக்குப் புது வேட்டி, துண்டு. சாயங்காலம் அப்பா தெருவில் நின்று சத்தமாகச் சொன்னார்: “யாரும் கெணத்துக்குப் போவ வேணாம். குடத்தை எடுத்துக்கிட்டு வாங்க.”

கம்ப்ரஸர் மோட்டார் வைத்து, ஒரு தொட்டி கட்டி, தெருவே அங்கேதான் குடித்தது. வண்ண வண்ணமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். அப்பா அதுவரை சின்ன விவசாயி. அன்றிலிருந்து ‘தண்ணிக்காரர்’. ஒருவரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. நாங்கள் அரைநெல்லியைக் கடித்துவிட்டு அந்தத் தண்ணீரைக் குடிப்போம். கற்கண்டாக இனிக்கும். அதியமான் ஊராச்சே!

*

அந்த வருடத்தின் மற்ற வரவுகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ ஆரம்பித்தது. எங்கள் தெருவில் டி.வி. இருந்தது வாத்தியார் வீட்டில் மட்டும். மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை சாலிடேர். ஆண்டெனாவைப் பெங்களூர் பக்கம் திருப்பி, மாடியில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க, கீழேயிருந்து ‘இன்னும் கொஞ்சம்... போதும்... அய்யோ போச்சு’ என்று ஒருவர் கத்த வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. அதற்கு இரண்டே மாதம் முன்னால்தான் தி.மு.க. இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடத்தி, அதன் பத்து எம்.எல்.ஏ.க்கள் சட்டசபையில் பதவியே இழந்திருந்தார்கள். எங்கள் சித்தப்பா அந்தப் போராட்டத்தில் ஊர்வலம் போனவர். அவரும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேட்டால், ‘ராமன் என்ன பேசுவான்னு எனக்குத் தெரியும்டா. அவனுக்கு எதுக்கு பாஷை?’ என்பார். தாரா சிங் அனுமாராக வந்தால் விசிலடிப்பதும் அவர்தான்.

செப்டம்பர் 17. வன்னியர் சங்கம் அறிவித்த ஒரு வாரச் சாலை மறியல். மாநிலத்தில் 20 சதவிகிதம், மத்தியில் 2 சதவிகிதம் தனி ஒதுக்கீடு கேட்டு, டாக்டர் ராமதாஸ் தலைமையில் வட மாவட்டங்கள் முழுக்க நடந்தது. ரோடுகளில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. துப்பாக்கிச் சூட்டிலும் மோதல்களிலும் 21 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஒரு வாரம் தமிழக அரசியலின் கணக்கையே மாற்றியது. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவிகிதம் வந்ததும், அதே ஆண்டு பா.ம.க. பிறந்ததும் அந்த வாரத்தின் தொடர்ச்சிதான். 2021-ல் 10.5 சதவிகித உள் ஒதுக்கீடு சட்டமாகி, நீதிமன்றத்தில் ரத்தானதுவரை அந்தக் கதை நீண்டது.

அந்த வாரத்தில்தான் அம்மாவுக்கு வலி கண்டது. பஸ் இல்லை, வண்டி இல்லை. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற யோசனையே எழவில்லை. பக்கத்து ஊர் மருத்துவச்சியை சித்தப்பா சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் காட்டு வழியாக அழைத்து வந்தார். விழுந்து கிடந்த ஒரு புளியமரத்தை இருவரும் சைக்கிளோடு தாண்டியதாகக் கேள்வி. தங்கை பிறந்தாள். போர் தண்ணீரை வெந்நீராக்கித்தான் முதல் குளியல். சித்தப்பா அவளுக்கு வைத்த பெயர், ‘மறியல்’. இன்றைக்கும் ஊரில் சில பெரிசுகள், ‘என்ன மறியல், எப்ப வந்த?’ என்றுதான் கேட்கின்றன.

அக்டோபரில் உலகக் கோப்பை கிரிக்கெட். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு நாலை, இடைவேளையில் ஆறு என்று மாற்றினார்கள். கபில்தேவ் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். இரண்டு ரன் தானம் கொடுத்துவிட்டு ஒரு ரன்னில் தோற்பதை என்னவென்று சொல்வது? அப்பா சொன்னார்: “குடுத்தவன் கெட்டுப் போனதா சரித்திரம் இல்ல.”

டிசம்பர் 24. வியாழக்கிழமை. விடிவதற்குள் எம்.ஜி.ஆர். இறந்த செய்தி வந்துவிட்டது. கடைகள் மூடியிருந்தன. ஆயா இரண்டு நாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. அதற்கு அரசியல் தெரியாது. 1982 ஜூலையில் சத்துணவு ஆரம்பித்த பிறகுதான் தெருவில் பாதிப் பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனார்கள் என்பது தெரியும். ‘சோறு போட்டவன் போயிட்டான்’ என்று ஒரே வரியில் ஒப்பாரி.

இப்படி முடிந்தது 1987. வறட்சி, மறியல், சாவு எல்லாம் இருந்தும் எனக்கு அது பொன் வருடம். காரணம் சுலபம். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஆயா, சித்தப்பா, அத்தைகள், புதுக் குழந்தை. தொட்டியில் தண்ணீர் இருந்தது. தெருவே வந்து போகிற வீடாக எங்கள் வீடு இருந்தது. இன்னும் என்ன வேண்டும்?

*

இங்கேயே நிறுத்திக்கொண்டால் இது நல்ல கட்டுரைதான். ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வரவை எழுதினால் செலவையும் எழுதியாக வேண்டும்.

சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தபோது ஒரு சீனியர் என் வாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீ தருமபுரியா?” எப்படித் தெரியும் என்றேன். “பல்லு சொல்லுது.”

எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு ‘காவிப் பல்’ என்று பெயர். மஞ்சளில் ஆரம்பித்துப் பழுப்பு வரை போகும் கோடுகள். எந்தப் பொடியைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எனக்கு லேசான மஞ்சள். என் தங்கைக்கும், அவள் வயதில் எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நல்ல பழுப்பு. ஊருக்குள் யாரும் அதை வித்தியாசமாகவே நினைக்கவில்லை. எல்லோருக்கும் இருந்தால் அது வியாதி இல்லை, ஜாடை!

இந்த மர்மத்தை முதலில் துரத்தியவர் ஓர் அமெரிக்கப் பல் டாக்டர். ஃபிரெடரிக் மெக்கே. 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போனவர், அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் பழுப்புப் பல் இருப்பதைப் பார்த்தார். வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். என்ன என்று கண்டுபிடிக்க 1931 வரை ஆனது. ஓர் அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணர் தண்ணீரைச் சோதித்துச் சொன்ன பெயர், புளோரைடு. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது 1937-ல். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். அதாவது எங்கள் போருக்குச் சரியாக ஐம்பது வருடம் முன்னால். புத்தகத்தில் இருந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். தருமபுரிக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் தாதுக்களில் புளோரைடு உண்டு. பாறை இடுக்கில் நெடுங்காலம் ஊறிக் கிடக்கும் தண்ணீரில் அது கரைந்துகொண்டே இருக்கும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மாவட்டத்தில் அதைத் தாண்டிய கிணறுகளும் போர்களும் ஏராளம். குழந்தைக்கு ஈறுக்குள் பல் உருவாகும் எட்டு வயதுவரை இந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமலில் கறை விழும். பல வருடம் தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். புளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். போர் போட்டபோது எனக்கு வயது ஒன்பது. என் பல்லின் தலையெழுத்து சேந்து கிணற்றுத் தண்ணீரிலேயே முடிந்துவிட்டது. தங்கை பிறந்ததே போர் தண்ணீரில். அவளுக்கும், அதற்குப் பிறகு தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கும் முதல் எட்டு வருடம் முழுக்க அதே தொட்டிதான். அப்பா ஒரு பைசா வாங்காமல் கொடுத்த தண்ணீர்.

போர் போட்டது தப்பு என்று சொல்லிவிட முடியுமா? திறந்த கிணறுகளும் படிக்கிணறுகளும் காலராவுக்கும் நரம்புச் சிலந்திக்கும் வீடாக இருந்த நாடு இது. 60-களின் வறட்சிக்குப் பிறகு அரசாங்கமும் யுனிசெஃபும் பாறையைக் குடைந்து குடைந்து அடிபம்பு வைத்ததில்தான் எத்தனையோ கிராமங்களுக்குச் சுத்தமான தண்ணீரே கிடைத்தது. ‘இந்தியா மார்க் 2’ என்ற நம் பம்பு பல நாடுகளுக்குப் போனது. 2000-ல் இந்தியா நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டதற்கு இந்தப் பம்புகளும் ஒரு காரணம். கிருமி போனது. அதே குழாயில் வேறொன்று வந்தது. பார்த்தால் தெரியாத ஒன்று.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மருத்துவ முகாமில் இளம் டாக்டர் ஒருவர் தங்கையின் வாயைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் பொறுமையாக இதையெல்லாம் விளக்கினார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை தொட்டிக் குழாயைக் கழற்றினார். குடிக்க வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், செடிக்கு மட்டும் என்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சிலர் சண்டைக்கு வந்தார்கள். ‘இத்தனை வருஷமா குடிச்சோம், இப்ப என்ன ராங்கி?’ என்றார்கள். சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டி, ரொம்ப தூரத்து ஊரிலிருந்து குடிதண்ணீர் கொண்டு வர ஆரம்பித்தார். தன் வீட்டுக்கு மட்டுமில்லை, கைக்குழந்தை இருந்த இரண்டு வீட்டுக்கும். அறுபது வயதுக்கு மேலும் அதை விடவில்லை.

*

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவி, சுமார் 1,900 கோடி ரூபாய். திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்று சேர்த்திருந்தார்கள். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு. சென்னையில் சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்து ரஜினி பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது இரண்டு மாநில அரசியல். எங்களுக்குப் பல். 2013 மே மாதம் திட்டம் திறக்கப்பட்டது. பக்கத்தில் ஓடுகிற காவிரி மேடேறி எங்கள் குழாய்க்கு வர அத்தனை வருடம்.

அப்பா அந்தத் தண்ணீரையும் குடித்துப் பார்த்தார். ‘சப்புனு இருக்கு’ என்றார். ஆனால் குடத்தைச் சைக்கிளில் கட்டுவதை அன்றோடு நிறுத்தினார்.

தங்கையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. வெட்கம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளுக்குக் கோபம் வர எல்லா நியாயமும் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன். ‘அந்த போர் போடாமயே இருந்திருக்கலாம்னு எப்பவாவது தோணிச்சா?’

“நல்லா கேட்ட போ! அம்மா நெறமாசத்துல மூணு மணிக்குக் கெணத்துப் படியில உக்காந்திருக்கணுமா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா எவனாச்சும் ஒருத்தன், அந்தத் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சி டெஸ்ட் பண்ணிட்டுக் குடிங்கனு சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றாள்.

உங்கள் வீட்டில் போர் இருக்கிறதா? தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகம் இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. ஒரு பாட்டில் போதும்.